முதல் வீடு வாங்கப் போகிறீர்களா? ஞாயிறு காலையில் மட்டும் பார்க்காதீர்கள்

என் முதல் வீட்டை வாங்குமுன் மூன்று முறை போய்ப் பார்த்தேன். மூன்றும் ஞாயிற்றுக்கிழமை, மூன்றும் காலை பத்து மணி. காற்று, வெளிச்சம், அமைதி எல்லாம் இருந்தது. குடிபோன மறுநாள் திங்கட்கிழமை. பின்சுவருக்கு அந்தப் பக்கம் பூட்டிக் கிடந்த தகரக் கொட்டகை ஒரு வெல்டிங் பட்டறை என்பது அன்று காலை எட்டரைக்குத் தெரிந்தது. விற்றவர் பொய் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் வீடு பார்க்கத் துணைக்குப் போய்ப் போய், சொல்வதற்கு ஒரு விஷயம்தான் மிஞ்சியிருக்கிறது. வீட்டை அதன் நல்ல நாளில் காட்டுவார்கள். நீங்கள் அதன் கெட்ட நாளில் பார்க்க வேண்டும். கடனும் அப்படித்தான், பத்திரமும் அப்படித்தான். சம்பளம் ஒழுங்காக வரும் மாதத்தில் எந்தத் தவணையும் கட்டிவிடலாம். எல்லோரும் சிரித்த முகமாக இருக்கும்வரை எந்த ஒப்பந்தமும் செல்லும். சட்டமும் வரியும் நாட்டுக்கு நாடு மாறும், அதை அந்தந்த ஊர் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே சொல்லப்போவது எங்கே வாங்கினாலும் பொருந்துவது.

முதல் படி: தவணையை ஒத்திகை பாருங்கள்

பெரும்பாலானோர் வீட்டைப் பார்த்துப் பிடித்துப்போன பிறகுதான் கணக்கில் உட்காருகிறார்கள். பிடித்த பிறகு போடுகிற கணக்கு எப்போதும் சரியாகவே வரும்! ஆகவே தரகரைக் கூப்பிடுவதற்கு முன்பே உட்காருங்கள்.

கையில் வரும் மாத வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கடன் தவணைகளுக்குப் போகக் கூடாது என்பது என் அளவுகோல். வீட்டுக் கடன் மட்டுமல்ல, வண்டிக் கடன், கல்விக் கடன், கிரெடிட் கார்டு பாக்கி எல்லாம் சேர்த்து. வங்கி இதைவிடக் கூடுதலாகத் தர முன்வரலாம். எவ்வளவு தர முடியும் என்பது வங்கியின் கணக்கு, எவ்வளவு தாங்கும் என்பது உங்களுடையது. விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டும்.

கணக்குப் போட்டால் மட்டும் போதாது, ஒத்திகை பார்க்க வேண்டும். வரப்போகும் தவணை இப்போதைய வாடகையைவிட எவ்வளவு கூடுதலோ, அந்தத் தொகையை இந்த மாதத்திலிருந்தே தனிக் கணக்கில் போடுங்கள். ஆறு மாதம் போட முடிந்ததா? அந்த வீடு உங்களுக்குக் கட்டுப்படியாகும். மூன்றாம் மாதமே அதிலிருந்து எடுக்க வேண்டி வந்ததா? வாங்குவதற்கு முன்பே தெரிந்தது நல்லது, இன்னும் கொஞ்சம் சின்ன வீடாகப் பாருங்கள். எப்படியிருந்தாலும் சேர்ந்த பணம் முன்பணத்துக்கு உதவும்.

வீட்டு விலையைத் தவிர்த்த செலவுகளைப் புதிதாக வாங்குகிறவர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். பதிவுச் செலவு, முத்திரைக் கட்டணம், வழக்கறிஞர், பொறியாளர், தரகுப் பணம், வங்கியின் பரிசீலனைக் கட்டணம், காப்பீடு, சாமான் ஏற்றி இறக்கும் கூலி, பிறகு விளக்கு, விசிறி, திரைச்சீலை. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வங்கி கடன் தராது, கையிலிருந்துதான் போக வேண்டும். எல்லாம் முடிந்த பிறகும் ஆறு மாதத் தவணையும் வீட்டுச் செலவும் தாங்குகிற அளவுக்குக் கையிருப்பு மிச்சமிருக்க வேண்டும். சேமிப்பு முழுவதையும் வழித்து முன்பணமாகக் கொடுத்துவிட்டு நிற்பவருக்கு, முதல் வேலை இழப்பே கடைசி அடியாகிவிடும்.

இரண்டாம் படி: வட்டி என்ன செய்கிறது என்று எண்ணில் பாருங்கள்

இதைச் சற்று நிதானமாகப் படியுங்கள். வீட்டில் இழக்கிற பணத்தைவிட வட்டியில் இழக்கிற பணம் பெரிது, ஆனால் கண்ணுக்குத் தெரியாது.

நாணயம் எதுவானாலும் சரி, 1,00,000 கடன் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 8 விழுக்காடு வட்டி, 20 ஆண்டு. மாதத் தவணை சுமார் 836. முதல் மாதம் கட்டுகிற 836-இல் 667 வட்டிக்கே போய்விடும், அசலில் கழிவது 169 சொச்சம்தான். ஐந்து ஆண்டு தவறாமல் கட்டினால் மொத்தம் 50,000-க்குச் சற்று மேல் கட்டியிருப்பீர்கள். அப்போது பாக்கி எவ்வளவு? சுமார் 87,500. காலத்தில் கால் பங்கு ஓடிவிட்டது, கடனில் எட்டில் ஒரு பங்குதான் கரைந்திருக்கிறது. 'ஐந்து வருஷத்தில் விற்றுவிட்டு பெரிய வீட்டுக்குப் போய்விடலாம்' என்று திட்டமிடுபவர்கள் இந்த எண்ணை ஒருமுறை பார்க்க வேண்டும்.

அதே கடனை 15 ஆண்டில் கட்டினால் தவணை சுமார் 956, மொத்த வட்டி 72,000. 30 ஆண்டு என்றால் தவணை 734-ஆகக் குறையும், வட்டியோ 1,64,000-ஐத் தொடும். மாதம் 222 மிச்சப்படுத்தியதற்கு இரண்டு மடங்குக்கும் மேலான வட்டி.

இதற்காக எல்லோரும் 15 ஆண்டுக் கடனே வாங்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். வருமானம் நிலையில்லாதவர்கள் நீண்ட காலக் கடனை எடுத்துவிட்டு, கையில் காசு வரும்போது அசலைக் குறைப்பது பாதுகாப்பான வழி. மேலே சொன்ன 20 ஆண்டுக் கடனில், 12 தவணைக்குப் பதில் ஆண்டுக்கு 13 தவணை அளவுக்குக் கட்டினாலே மூன்று ஆண்டுக்கு முன்பாகக் கடன் முடிந்துவிடும். ஆனால் முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா, கட்டிய கூடுதல் பணம் அன்றே அசலில் கழிக்கப்படுமா, அதற்குப் பிறகு தவணை குறையுமா அல்லது காலம் குறையுமா என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

வட்டி கடைசிவரை மாறாமல் நிலையானதா, இடையில் ஏறி இறங்கி மிதப்பதா என்பதையும் கேளுங்கள். மிதக்கும் வட்டியில் விகிதம் ஏறினால், சில வங்கிகள் தவணையை ஏற்றாமல் காலத்தை நீட்டிவிடும். மாதாமாதம் போகிற தொகை மாறாததால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. கடன் தொடங்கியதுமே 8 விழுக்காடு 9 ஆகி, தவணை மட்டும் 836-இலேயே நின்றால், 240 மாதக் கடன் 304 மாதமாகிவிடும். ஐந்து ஆண்டுக்கும் மேல் கூடுதல்! விகிதம் 10-ஐத் தாண்டிவிட்டால் அந்தத் தவணை வட்டிக்கே போதாது. கெட்ட நாள் கணக்கு என்று நான் சொல்வது இதைத்தான். வங்கி சொல்லும் விகிதத்தோடு 2 கூட்டி, அந்தத் தவணையை உங்களால் கட்ட முடியுமா என்று பாருங்கள்.

கடனோடு சேர்த்துக் காப்பீடு ஒன்றையும் நீட்டுவார்கள். காப்பீடு அவசியம்தான், சம்பாதிக்கிறவர் இல்லாமல் போனால் கடன் குடும்பத்தின் தலையில் விழக் கூடாது. ஆனால் அதை அவர்களிடம்தான் வாங்க வேண்டுமா, வெளியே வாங்கினால் மலிவா என்று விசாரித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மூன்றாம் படி: வீட்டை அதன் கெட்ட நாளில் பாருங்கள்

பிடித்த வீட்டை குறைந்தது நான்கு நேரங்களில் பாருங்கள்: வேலைநாள் காலை, பிற்பகல் நான்கு மணி, இரவு பத்து மணி, கடைசியாக ஒரு நல்ல மழை. பிற்பகல் எதற்கென்றால், மேற்குச் சுவரும் மொட்டைமாடிக்குக் கீழே உள்ள அறையும் எவ்வளவு கொதிக்கின்றன என்பது அப்போதுதான் தெரியும். மழைக்குக் காத்திருக்க முடியாவிட்டால் தெருவைப் படியுங்கள். அக்கம்பக்கத்து மதில்களில் ஒரே மட்டத்தில் நீர்க்கறைக் கோடு ஓடுகிறதா? மற்ற வீடுகளின் வாசற்படி எல்லாம் சமீபத்தில் உயர்த்திக் கட்டப்பட்டிருக்கிறதா? நீங்கள் வாங்கப்போகும் வீட்டுத் தரை சாலையைவிடத் தாழ்ந்திருக்கிறதா? சாலை போடும்போதெல்லாம் அது ஒரு அங்குலம் ஏறும், வீடு ஏறாது.

வெள்ளம் பற்றி வீட்டுக்காரரிடம் கேட்டுப் பயனில்லை. எதிர்வீட்டு வாடகைக்காரரிடம் கேளுங்கள், அவருக்கு மறைக்க ஒன்றுமில்லை.

உள்ளே போனதும் சுவரைப் பாருங்கள். கைபேசி விளக்கைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால், மேடு பள்ளம், ஒட்டுப்போட்ட இடம், பூச்சு உப்பியிருப்பது எல்லாம் நிழலாக எழுந்து நிற்கும். நேராக அடிக்கிற வெளிச்சத்தில் இது எதுவும் தெரியாது. ஒரு வீட்டில் ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புது வண்ணம் அடித்திருந்தால், அந்தச் சுவரோடு கொஞ்ச நேரம் நில்லுங்கள். தரையிலிருந்து இடுப்பு உயரம்வரை ஓதம் ஏறி, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அடித்தளத்திலிருந்து ஈரம் உறிஞ்சி ஏறுகிறது என்று பொருள். அதற்கு வண்ணம் மருந்தல்ல, சில மாதம் மறைக்கும். சுவரின் நடுவிலோ கூரை ஓரத்திலோ பழுப்பு வட்டம் இருந்தால் அது குழாய்க் கசிவு அல்லது மேல்தளக் கசிவு. அந்தச் சுவருக்குப் பின்னால் குளியலறை இருக்கிறதா என்று பாருங்கள். சாத்தியிருந்த அறையைத் திறந்ததும் வருகிற வாடையும் ஒரு சாட்சிதான்.

விரிசல் என்றதும் பதற வேண்டாம். பூச்சில் மயிரிழை போல் ஓடுவது காய்ந்ததால் வந்தது. தூணும் செங்கல் சுவரும் சேருமிடத்தில் நேர்க்கோடாக விழுவதும் பெரும்பாலும் இரு பொருள்கள் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் வருவதே. கவலைப்பட வேண்டியவை வேறு: சன்னல், கதவு மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்புவது, செங்கல் வரிசையில் படிக்கட்டு போல் இறங்குவது, சுண்டுவிரல் நுனி நுழையுமளவு அகன்றது. அடித்தளம் ஒரு பக்கம் இறங்குவதன் அடையாளமாக இவை இருக்கலாம். கூரையின் அடியில் துருக்கறையோடு நேர்க்கோடாக விரிசல் ஓடினால், உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கிறது. துரு, தான் அரித்த இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும், அதனால்தான் காரையைத் தள்ளிப் பெயர்க்கிறது. பழைய கட்டடத்தில் இதைக் கண்டால், பொறியாளர் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

இனி சின்னச் சோதனைகள். எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, மாடிக் குளியலறையில் நீர் எப்படி வருகிறது என்று பாருங்கள். பிறகு எல்லாவற்றையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பாருங்கள். அப்போதும் முள் நகர்ந்தால் எங்கோ மறைவாகக் கசிகிறது. தரை ஓடுகளை நாணயத்தால் தட்டினால், அடியில் கலவை பிடிக்காத இடம் டொக்கென்று வெற்றொலி எழுப்பும். கதவுகளைச் சாத்தித் திறந்து பாருங்கள், இழுத்துப் பிடிக்கும் கதவு சட்டம் கோணியிருப்பதைச் சொல்லும். மின்பெட்டியில் மின்கசிவுத் தடுப்பான் இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் மின்சாரம் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வீடுகளில் உயிர்காக்கப் பொருத்துவது பொதுவாக 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளது.

அடுக்குமாடி என்றால் ஒரு அளவுநாடா கொண்டுபோங்கள். விளம்பரத்தில் வரும் சதுர அடியில் சுவர்கள், படிக்கட்டு, லிப்ட், தாழ்வாரம் எல்லாம் சேர்ந்திருக்கலாம். உள்ளே கால் வைக்கக்கூடிய பரப்புதான் கார்ப்பெட் ஏரியா. 1,000 சதுர அடி என்று சொன்ன வீட்டுக்குள் 720 மட்டும் இருந்தால், உண்மையில் நீங்கள் கொடுக்கிற சதுர அடி விலை அவர்கள் சொன்னதைவிட 39 விழுக்காடு கூடுதல். இரண்டு வீடுகளை ஒப்பிடுவதென்றால் கார்ப்பெட் ஏரியாவைக் கொண்டு மட்டுமே ஒப்பிடுங்கள். குடியிருப்போர் சங்கத்தின் மாதப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, பெரிய பழுதுக்கென்று நிதி சேர்த்து வைத்திருக்கிறார்களா, லிப்டும் மொட்டைமாடியும் எப்போது பழுது பார்க்கப்பட்டன என்பதையும் கேளுங்கள். கட்டணம் அதிசயமாகக் குறைவு என்றால் மகிழ வேண்டாம், செய்யாமல் விட்ட பழுதெல்லாம் உங்கள் காலத்தில் சேர்ந்து வரும்.

இத்தனையும் பார்த்த பிறகு, கட்டடப் பொறியாளர் ஒருவரை உங்கள் செலவில் கூட்டிப்போங்கள். அவர் எழுதித் தரும் பழுதுப் பட்டியலைவிட விலை பேச நல்ல ஆயுதம் கிடையாது. 'கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்' என்று கேட்பதற்கும், 'மேல்தளத்துக்கு நீர்க்காப்பு போட இவ்வளவு ஆகும், அதைக் கழியுங்கள்' என்று கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு.

நான்காம் படி: பத்திரத்தைச் சண்டை வரும் என்று நினைத்துப் படியுங்கள்

விற்பவருக்கு இந்த வீடு எப்படி வந்தது? அவருக்கு விற்றவருக்கு எப்படி வந்தது? இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிகூட விடுபடாமல் மூலப்பத்திரம்வரை பின்னோக்கிப் போக வேண்டும். வாங்கியது என்றால் கிரயப் பத்திரம், பங்கு பிரித்தது என்றால் பாகப்பிரிவினை, இறந்தவர் வழி வந்தது என்றால் உயில் அல்லது வாரிசு ஆவணம். சிக்கல் வருவது பெரும்பாலும் கடைசியில் சொன்ன வகையில்தான். நான்கு பிள்ளைகளில் மூவர் கையெழுத்திட்டு, வெளிநாட்டில் இருக்கும் நான்காமவர் 'அவன் ஒன்றும் சொல்ல மாட்டான்' என்ற ஒரே வார்த்தையில் விடுபட்டிருப்பார். அவர் சொல்வார், விலை ஏறிய பிறகு சொல்வார். வயது நிரம்பாத பிள்ளையின் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி தேவையா என்று கட்டாயம் கேளுங்கள்.

உரிமையாளர் சார்பில் விற்க அனுமதிக்கும் அதிகாரப் பத்திரத்தை (பவர்) காட்டி ஒருவர் விற்க வந்தால், எழுதிக் கொடுத்த உரிமையாளரை நேரிலோ காணொளியிலோ பார்த்துப் பேசாமல் நகராதீர்கள். கொடுத்தவர் இறந்துபோனால் அந்த அதிகாரம் பொதுவாக அத்தோடு முடிந்துவிடும்.

பிறகு வில்லங்கம்: அடமானம், வழக்கு, வரிப் பாக்கி, நீதிமன்றத் தடை. சொத்துப் பதிவேட்டில் நீங்களோ உங்கள் வழக்கறிஞரோ நேரடியாக எடுத்த நகலே கணக்கு, விற்பவர் நீட்டும் நகல் கணக்கில் வராது. பத்திரத்திலுள்ள நான்கு எல்லையும் அளவும் தரையில் பொருந்துகின்றனவா என்று அளந்து பாருங்கள். கட்டட அனுமதி வரைபடத்தில் இரண்டு தளம் இருக்க, நிற்பது மூன்று தளமா? வீட்டுக்குப் போகும் வழி பொதுப்பாதையா, பக்கத்து வீட்டுக்காரரின் பெருந்தன்மையா? யாராவது வாடகைக்கு இருக்கிறார்களா, எப்போது காலி செய்வார்கள்?

'வங்கியே பார்த்துக் கடன் கொடுத்திருக்கிறது, அப்புறம் என்ன' என்பார்கள். வங்கியின் வழக்கறிஞர் வங்கிக்காகப் பார்க்கிறார். விற்பவர் ஏற்பாடு செய்யும் வழக்கறிஞர் யாருக்காகப் பார்ப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்கென்று ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கட்டிக்கொண்டிருக்கும் வீடு என்றால் இன்னொரு கெட்ட நாளையும் நினைத்துப் பாருங்கள்: ஒப்படைப்பு ஓராண்டு தள்ளிப்போகிறது, இங்கே வாடகையும் அங்கே வட்டியும் சேர்ந்து ஓடுகின்றன. ஆகவே பணம் தேதிப்படி இல்லாமல் முடிந்த வேலைப்படி போகட்டும். தாமதத்துக்கு ஈடு எவ்வளவு என்பதும் ஒப்பந்தத்தில் எண்ணாக இருக்கட்டும்.

ஐந்தாம் படி: முன்பணமும் ஒப்பந்தமும்

ஒப்பந்தம் போடும்போது விற்பவருக்குக் கொடுக்கும் முன்பணம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. 'இன்னொருவர் மாலை வருகிறார்' என்ற அவசரத்தில் கொடுக்கிற பணம்தான் திரும்பி வராது. அந்த இன்னொருவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஒப்பந்தத்தில் இவை எழுத்தில் இருக்க வேண்டும்: கடன் கிடைக்காவிட்டாலோ உரிமையில் குறை தெரியவந்தாலோ முன்பணம் முழுதும் திரும்பத் தரப்படும், இன்ன தேதிக்குள் பதிவு, அதுவரையிலான வரியும் கட்டணமும் விற்பவர் பொறுப்பு, வீட்டோடு விடப்படும் பொருட்களின் பட்டியல். இந்தக் கடைசியைச் சிரிப்பாக நினைக்க வேண்டாம். ஏசி, வெந்நீர்க் கருவி, அலமாரி, ஏன், பல்புகளைக்கூடக் கழற்றிக்கொண்டு போனவர்கள் உண்டு.

பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். சட்டக் குற்றம் என்பது ஒருபுறம். தகராறு வந்தால் எழுதிய தொகைக்குத்தான் உங்களிடம் ஆதாரம் இருக்கும், கடனும் அந்த அளவுக்கே கிடைக்கலாம், நாளை நீங்கள் விற்கும்போது இல்லாத லாபத்துக்கு வரி கட்ட வேண்டிவரும். பணம் எல்லாம் வங்கி வழியாகவே போகட்டும். கடைசி நேரத்தில் 'கணக்கு எண் மாறிவிட்டது, இதற்கு அனுப்புங்கள்' என்று மின்னஞ்சல் வந்தால், அதிலுள்ள எண்ணுக்குப் பேசாமல் ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் எண்ணுக்குப் பேசி உறுதிசெய்யுங்கள். மின்னஞ்சலைத் திருடி வீட்டுப் பணத்தைச் சுருட்டும் மோசடி பல நாடுகளில் நடக்கிறது.

இருவர் சேர்ந்து வாங்கினால், பத்திரத்தில் யாருக்கு எத்தனை பங்கு என்பதை அன்றே எழுதிவிடுங்கள். கணவன் மனைவியானாலும் சரி, அண்ணன் தம்பியானாலும் சரி.

ஆறாம் படி: சாவி கைக்கு வரும் நாள்

பதிவு செய்யும் நாள் காலை மீண்டும் ஒருமுறை வீட்டைச் சுற்றிப் பாருங்கள், காலியாக. சோபாவுக்குப் பின்னால் இருந்த சுவர் இப்போதுதான் தெரியும். மின்சார, தண்ணீர் மீட்டர்களைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குடிபோனதும் பூட்டுகளை மாற்றுங்கள், பழைய சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது என்று விற்றவருக்கே தெரியாது. வரி, மின்சாரம், தண்ணீர், சங்கப் பதிவேடு எல்லாவற்றிலும் பெயர் மாற்றத்தை ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.

பெரிய மராமத்து வேலைகளை உடனே தொடங்காதீர்கள். கசிவு, மின்சாரம் போன்ற ஆபத்துகளை மட்டும் சரிசெய்துவிட்டு, ஒரு வெயில் காலம், ஒரு மழைக் காலம் அங்கே வாழ்ந்து பாருங்கள். எந்தச் சன்னலை அடைக்க வேண்டும், எதை அகலப்படுத்த வேண்டும் என்று அதற்குள் தெரிந்துவிடும். நான் முதல் மாதமே செலவழித்து அகலப்படுத்திய சன்னல், அந்தப் பட்டறைப் பக்கம் இருந்ததுதான்.

கடைசித் தவணை கட்டும் நாள் இன்னும் வெகுதூரம், ஆனால் அதற்கும் ஒரு குறிப்பை இப்போதே பத்திரக் கோப்பில் எழுதி வையுங்கள். கடன் முடிந்ததும் வங்கியிடமிருந்து மூல ஆவணங்கள் அனைத்தையும், கொடுத்தபோது எழுதி வாங்கிய பட்டியலோடு சரிபார்த்துத் திரும்பப் பெற வேண்டும். பாக்கியில்லை என்ற கடிதமும் வாங்க வேண்டும். அடமானம் நீங்கியதைப் பதிவேட்டிலும் ஏற்ற வேண்டும். இதை மறந்துவிட்டவர்களின் வீடு, கடன் தீர்ந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும் பதிவேட்டில் வங்கிக்கு அடமானமாகவே நிற்கிறது. விற்கப் போகும்போதுதான் அது தெரியவரும்.